பந்தயப் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்

கேள்வி: திண்டுக்கல் பக்கம் ஒரு சிற்றூரில் மகளிர் சுயஉதவிக் குழுவின் ஊக்குநராக இருக்கிறேன். வயது 44, உயரம் 155 செ.மீ. சென்ற ஆண்டு 'மக்களைத் தேடி மருத்துவம்' ஊழியர் வீட்டுக்கு வந்து பரிசோதித்தபோது சர்க்கரை எல்லைக்கோட்டில் இருப்பது தெரிந்தது. எடையைக் குறைக்கச் சொன்னார்கள். அப்போது 74 கிலோ. குழுவில் பலருக்கும் இதே கதை என்பதால் தை மாதம் 12 பேர் சேர்ந்து ஆளுக்கு 200 ரூபாய் போட்டோம். மூன்று மாதத்தில் யார் அதிகம் குறைக்கிறார்களோ அவருக்கு மொத்தப் பணமும். முதல் மாதம் எல்லோருக்கும் இறங்கியது. நானே 4 கிலோ குறைந்தேன். அப்புறம் கலகலத்துவிட்டது. இரண்டு பேர் வருவதை நிறுத்திவிட்டார்கள். சர்க்கரை மாத்திரை சாப்பிடும் ஒருவர் இரவில் வெள்ளரிக்காய் மட்டும் தின்று, மறுநாள் ரேஷன் கடை வரிசையில் மயங்கி விழுந்தார். இன்னொருவர் எடை குறைக்கும் பவுடர் வாங்கிக் குடித்து, இப்போது எங்களுக்கே விற்கிறார். பங்குனித் திருவிழா முடிந்து ஏறி நின்றால் எனக்கு 72.5. வெட்கத்தில் நோட்டில் 70.5 என்று எழுதிவிட்டேன். அடுத்த வியாழக்கிழமை பரிசு கொடுக்க வேண்டும். குழுவாகச் சேர்ந்ததே தப்பா? அவரவர் உடம்பை அவரவர் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடலாமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

குழுவைக் கலைக்காதீர்கள். பந்தயத்தை மட்டும் கலைத்துவிடுங்கள். அந்த 2,400 ரூபாயை ஆளுக்கு 200 வீதம், நின்றுபோன இருவருக்கும் சேர்த்தே, திருப்பிக் கொடுத்துவிடுங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

இதே தப்பை நானும் செய்திருக்கிறேன். உணவு ஆலோசகராக வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு மருத்துவமனையில் எடை குறைப்பு வகுப்பு நடத்தினேன். 22 பேர். ஆர்வக்கோளாறில் சுவரில் ஒரு சார்ட் ஒட்டி, எல்லோர் பெயரையும் வாராவாரம் அவர்கள் எடையையும் எழுதினேன். முதலிடத்துக்கு ஒரு டிபன் கேரியர் பரிசு. ஆறாவது வாரம் வந்தவர்கள் ஒன்பதே பேர். வராமல் போன ஒரு அம்மாவை லிஃப்டில் பார்த்தபோது சொன்னார்: "வகுப்புக்கு முந்தின நாள் காலையிலிருந்து பச்சைத் தண்ணிகூடக் குடிக்கிறதில்லம்மா. அப்பவும் ஏறித்தான் காட்டுது. அந்தச் சார்ட்டுல என் பேரைப் பாக்கவே பிடிக்கல." அன்று மாலையே சார்ட்டைக் கிழித்துப் போட்டேன். டிபன் கேரியரை யாருக்குக் கொடுத்தேன் என்பது நினைவில் இல்லை.

வராமல் நின்றவர்கள் யார் என்று யோசித்துப் பாருங்கள். எடை ஏறியவர்கள். குழு யாருக்கு அதிகம் தேவையோ அவர்களைத்தான் பந்தயம் முதலில் வெளியே தள்ளுகிறது. உங்கள் விஷயத்தில் ஊக்குநரையே பொய்க்கணக்கு எழுத வைத்துவிட்டது. கடன் கணக்கில் ஒரு ரூபாய் பிசகினால் ராத்திரி தூங்காத ஆளாகத்தான் நீங்கள் இருப்பீர்கள். உங்களையே இப்படி எழுத வைத்தது என்றால் தப்பு உங்களிடம் இல்லை, ஏற்பாட்டில் இருக்கிறது.

எடை குறைக்கக் கூட்டம் கூடுவது எப்படித் தொடங்கியது என்று ஒரு கதை உண்டு. அமெரிக்காவில், நியூயார்க் நகரத்தின் குயின்ஸ் பகுதியில் ஜீன் நைடெட்ச் என்றொரு குடும்பத்தலைவி. கணவர் பஸ் ஓட்டுநர். 1961-ல் இவர் எடை சுமார் 97 கிலோ. கடையில் பார்த்த ஒரு பெண் "எத்தனை மாசம்?" என்கிற மாதிரி கேட்டுவிட்டார். பிள்ளை உண்டானதாக நினைத்துக்கொண்டாராம். நம் ஊரில் இந்தக் கேள்வியைக் கல்யாண வீட்டில் பந்தியில் வைத்தே கேட்பார்கள். ஜீன் மாநகராட்சி நடத்திய இலவச எடை குறைப்பு மையத்துக்குப் போனார். அங்கே கொடுத்த உணவுமுறை சரியாகத்தான் இருந்தது, எடையும் இறங்கியது. ஆனால் ராத்திரியில் ரகசியமாக பிஸ்கட் தின்பதை மட்டும் விட முடியவில்லை. குளியலறையில் அழுக்குத் துணிக் கூடைக்குள் ஒளித்து வைத்துத் தின்றுகொண்டிருந்தார். அதை மையத்தில் இருந்தவரிடம் சொல்லக் கூச்சம். கடைசியில் ஆறு தோழிகளை வீட்டுக்குக் கூப்பிட்டுச் சொன்னார். உடனே அவர்களும் தாங்கள் எதை எங்கே ஒளித்து வைக்கிறோம் என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். வாராவாரம் கூடினார்கள், கூட்டம் பெருகியது. அடுத்த ஆண்டு ஜீன் 64 கிலோவுக்கு வந்தார். 1963-ல் அதுவே வெயிட் வாட்சர்ஸ் என்ற நிறுவனமாகி உலகமெல்லாம் பரவியது. பிற்பாடு அந்த நிறுவனம் என்னென்னவோ விற்றது, அது வேறு கதை. எனக்கு அந்த முதல் நாள்தான் முக்கியமாகப் படுகிறது. ஒளித்துத் தின்றதை ஆறு பேர் முன்னால் சொல்ல முடிந்தது. உங்கள் நோட்டில் அந்த 70.5 வந்த இடத்தில் இல்லாமல் போனது அதுதான்.

சேர்ந்து செய்தால் பலன் உண்டா என்று ஆராய்ச்சியாளர்களும் பார்த்திருக்கிறார்கள். 1999-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில் சிலர் தனியாகவும் சிலர் மூன்று பேரைக் கூட்டிக்கொண்டும் வந்து சேர்ந்தார்கள். சிகிச்சை நான்கு மாதம். பத்தாவது மாதத்தில் பார்த்தபோது, தனியாக வந்து வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 24 சதவீதம் பேர்தான் குறைத்த எடையை அப்படியே தக்கவைத்திருந்தார்கள். தெரிந்தவர்களோடு வந்து, ஒருவருக்கொருவர் எப்படித் துணை நிற்பது என்றும் பழகியவர்களில் 66 சதவீதம். எடையைக் குறைப்பதைவிட, குறைத்ததைக் காப்பாற்றுவதில்தான் கூட்டாளிகள் கைகொடுக்கிறார்கள். எங்கள் தொழிலில் எல்லோரையும் திணறடிப்பதும் அந்த இடம்தான்.

நம் ஊர்க் கணக்கும் இருக்கிறது. சென்னையில் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையும் அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகமும் சேர்ந்து, உங்களைப் போல எல்லைக்கோட்டில் இருந்த 578 பேரை வைத்து ஓர் ஆய்வு நடத்தின. ஒரு பிரிவினருக்கு ஆறு மாதம் குழு வகுப்புகள். நம் சோறு, நம் சாம்பாரை வைத்தே பாடம். தேவைப்பட்டவர்களுக்கு மெட்ஃபார்மின் மாத்திரையும் உண்டு. வழக்கமான ஆலோசனை மட்டும் பெற்றவர்களோடு ஒப்பிட்டால், மூன்று ஆண்டுகளில் இவர்களுக்குச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு 32 சதவீதம் குறைந்தது. முடிவு 2016-ல் வெளியானது.

இப்போது அந்த 72.5-க்கு வருவோம். இதைப் புரிந்துகொண்டால் பாதி வெட்கம் போய்விடும்.

நாம் சாப்பிடும் மாவுச்சத்தில் கொஞ்சத்தை ஈரலும் தசையும் கிளைகோஜன் என்ற பெயரில் சேமித்து வைக்கின்றன. ஒரு கிராம் கிளைகோஜனோடு சுமார் 3 கிராம் தண்ணீரும் ஒட்டிக்கொண்டிருக்கும். சோற்றைச் சட்டென்று குறைத்ததும் அந்தச் சேமிப்பு கரைகிறது, தண்ணீரும் கூடவே போய்விடுகிறது. முதல் மாதம் எல்லோருக்கும் சரசரவென்று இறங்கியதே, அதில் நல்ல பங்கு தண்ணீர்தான். திருவிழாவில் பொங்கலும் பாயசமும் உப்புக்கண்டமும் சாப்பிட்டபோது அந்தத் தண்ணீர் திரும்பி வந்துவிட்டது. ஒரு கிலோ கொழுப்பு உடம்பில் சேர ஏறக்குறைய 7,700 கலோரி உபரி வேண்டும். இரண்டரை கிலோ என்றால் 19,000-க்கும் மேல். பத்து நாள் திருவிழாவில் அதைச் சேர்க்க, தினமும் வழக்கமான சாப்பாட்டுக்கு மேல் இன்னொரு முழு நாள் சாப்பாட்டைச் சாப்பிட்டிருக்க வேண்டும். அவ்வளவு சாப்பிட்டீர்களா என்ன? மாதவிலக்குக்கு முந்தைய நாட்களிலும், மலச்சிக்கல் இருந்தாலும், ஊறுகாய், அப்பளம் தூக்கலாகப் போனாலும் ஒன்று இரண்டு கிலோ ஏறி இறங்கும். அதனால் வாரம் ஒரு முறை, அதே கிழமை, காலையில், அதே தராசில் பாருங்கள். நான்கு வாரத்தைச் சேர்த்துப் பார்த்துத்தான் எதையும் முடிவு செய்ய வேண்டும்.

இந்த 72.5-ம் 74-ஐவிடக் குறைவுதான். உங்களுக்கு முதல் இலக்கு, தொடங்கிய எடையில் 5 சதவீதம். அதாவது 3.7 கிலோ. அதை ஆறு மாதத்தில் எட்டினால் போதும், சர்க்கரையிலும் ரத்த அழுத்தத்திலும் அது தெரியும். தராசு அசையாத வாரங்களில் இடுப்பை அளந்து பாருங்கள். இந்தியப் பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பது கணக்கு. டெய்லர் டேப் போதும்.

மயங்கி விழுந்தவர் விஷயம் இதையெல்லாம்விட அவசரம். அவர் என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று அட்டையை வாங்கிப் பாருங்கள். மெட்ஃபார்மின் மட்டும் என்றால், ஒரு வேளை தவறினாலும் பொதுவாகச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்காது. கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்றவையும் இன்சுலினும் அப்படியல்ல. சாப்பாடு உள்ளே வந்ததா இல்லையா என்று அவை பார்க்காது, சர்க்கரையை இறக்கிக்கொண்டேயிருக்கும். இவற்றை எடுத்துக்கொள்பவர் மருத்துவரிடம் சொல்லி அளவை மாற்றாமல் ஒரு வேளைச் சாப்பாட்டைக்கூடக் குறைக்கக் கூடாது. கை நடுங்கி, வியர்த்து, படபடவென்று வந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்து உடனே குடிக்க வேண்டும். 15 நிமிடத்தில் சரியாகவில்லை என்றால் இன்னொரு தடவை. தேறியதும் இட்லியோ சோறோ ஏதாவது சாப்பிட வேண்டும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். இதைக் குழுவில் எல்லோருக்கும் சொல்லிக் கொடுங்கள். அவரை நாளைக்கே சுகாதார நிலையத்துக்கு அனுப்புங்கள், வியாழக்கிழமை வரை காத்திருக்க வேண்டாம்.

பவுடர் அம்மாவிடம் சண்டை போட வேண்டாம். ஒரு வேளைச் சாப்பாட்டை விட்டுவிட்டு ஒரு டம்ளர் பவுடர் குடித்தால் எடை குறையத்தான் செய்யும். வேலை செய்வது பவுடர் அல்ல, விட்ட சாப்பாடு. பவுடரை நிறுத்திப் பழைய சாப்பாட்டுக்குத் திரும்பினால் எடையும் திரும்பிவிடும். ஆனால் என் கவலை அதுகூட இல்லை. அவர் விற்பனையாளர் ஆன நிமிடத்திலிருந்து உங்களில் ஒவ்வொருவரும் அவருக்கு வாடிக்கையாளர். அப்புறம் அவர் முன்னால் யார் உண்மையைப் பேசுவார்கள்? "கூட்டத்தில் எந்தப் பொருளும் விற்கக் கூடாது, சேலை உட்பட" என்று பொதுவாக ஒரு தீர்மானம் எழுதிவிடுங்கள். அவரைக் குத்திக் காட்டியது போலவும் இருக்காது.

கூட்டத்தை எப்படி நடத்துவது என்று உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டுமா என்ன! 1989-ல் தர்மபுரியில் தொடங்கிய காலம் முதல் நம் மாநிலத்து மகளிர் குழுக்கள் செய்து வருவதுதானே இது. குறித்த கிழமை, குறித்த நேரம், வருகைப் பதிவு, தீர்மான நோட்டு எல்லாம் உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. ஒருத்தர் தவணை கட்ட முடியாமல் போனால் என்ன செய்வீர்கள்? வீட்டுக்குப் போய் என்ன கஷ்டம் என்று கேட்பீர்கள், முடிந்தால் அந்த மாதத்துக்குக் கைகொடுப்பீர்கள். கடனை முதலில் அடைத்தவருக்கு மற்றவர்கள் சேமிப்பைத் தூக்கிக் கொடுப்பீர்களா? எடை விஷயத்தில் மட்டும் ஏன் அப்படிச் செய்தீர்கள் என்றுதான் உங்கள் கடிதத்தைப் படித்ததும் கேட்கத் தோன்றியது.

எடையை ஓர் அறையில், ஒருவர் மட்டும் பார்த்து எழுதட்டும். சத்தமாகப் படிக்கக் கூடாது. எல்லோர் முன்பும் பேசுவது இரண்டே விஷயம்: போன வாரம் எது நடந்தது, எங்கே சறுக்கியது. ஆளுக்கு மூன்று நிமிடம். யாரும் அறிவுரை சொல்ல ஆரம்பித்தால் நிறுத்துங்கள் (கஷ்டம்தான், எனக்கே கஷ்டம்). சறுக்கலைச் சொல்பவருக்கு மற்றவர்கள் "எனக்கும் அப்படித்தான், நான் இப்படிச் சமாளித்தேன்" என்று சொன்னால் போதும். ஊக்குநர் நீங்களே முதலில் உங்கள் சறுக்கலைச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் வேறு யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள்.

கூட்டத்தில் டீயோடு போண்டா வைக்கும் வழக்கம் இருந்தால் சுண்டலுக்கு மாறுங்கள்.

வாரத்துக்கு ஒரே ஒரு வேலை எடுத்துக்கொள்ளுங்கள், எல்லோருக்கும் ஒரே வேலை. என் அனுபவத்தில் எண்ணெயில் தொடங்குவது நல்லது, ஏனென்றால் அதில் யார் மனதும் புண்படாது. எண்ணெய் பாக்கெட்டைப் பிரிக்கும் தேதியை அதன் மேலேயே பேனாவால் எழுதச் சொல்லுங்கள். ஆளுக்கு மாதம் அரை லிட்டர் என்பது நாங்கள் வழக்கமாகச் சொல்லும் அளவு. நான்கு பேர் வீட்டுக்கு இரண்டு லிட்டர். தேதி எழுதிப் பார்த்தால்தான் பலருக்கும் நான்கு லிட்டர் போவதே தெரியவரும். அடுத்த வாரம் டீ. ஒரு நாளைக்கு நாலு டீ, டீக்கு இரண்டு ஸ்பூன் என்றால் 40 கிராம் சர்க்கரை, 160 கலோரி. ஸ்பூனை ஒன்றாக்கினாலே பாதி மிச்சம். அதற்கடுத்த வாரம் சோறு. சோற்றை விடச் சொல்லாதீர்கள், அளந்து போடச் சொல்லுங்கள். குழம்புக் கரண்டியோ கிண்ணமோ, தினமும் ஒரே அளவு. குறைத்த சோற்றின் இடத்தில் கீரை, பொரியல், பருப்பு, முட்டை வரட்டும். வெறும் வயிற்றோடு எழுந்தால் பத்து மணிக்கு மிக்சர் டப்பா கூப்பிடும்.

நம் பெண்களிடம் மட்டும் உள்ள ஒரு விஷயத்தை இதில் சேர்க்க வேண்டும். மீந்தது. பிள்ளை தட்டில் வைத்த அரைத் தோசை, சட்டியில் ஒட்டிய கடைசிக் கரண்டி உப்புமா, கொட்ட மனம் வராத சோறு. கேட்டால் "ரெண்டு இட்லிதாம்மா சாப்பிட்டேன்" என்பார்கள், பொய்யே இல்லை. தட்டில் வைத்துச் சாப்பிட்டது இரண்டுதான், நின்றுகொண்டே வாயில் போட்டது கணக்கில் வராது. ஒரு வாரம் இதை மட்டும் எழுதிப் பாருங்கள். நான் நடத்திய கூட்டங்களில் வாய்விட்டுச் சிரித்ததெல்லாம் இந்த வாரத்தில்தான்.

நடையைச் சேர்ந்தே வைத்துக்கொள்ளுங்கள். வாரம் 150 நிமிடம் என்பது பொதுவாகச் சொல்லப்படும் அளவு. அரை மணி வீதம் ஐந்து நாள். தனியாகச் சாலையில் நடந்தால் நாய், வண்டி, "எங்கே போறீங்க" என்ற கேள்வி எல்லாம் உண்டு. நாலு பேராகப் போனால் அதுவே ஊருக்குப் பழகிவிடும். சேலையிலேயே நடக்கலாம், செருப்பு மட்டும் பிடியாக இருக்கட்டும். முட்டிவலி இருப்பவர் மெதுவாகத்தான் வருவார், அவர் வேகத்துக்கு மற்றவர்கள் நடக்கட்டும்.

12 பேரில் ஒல்லியாக இருந்தும் ஆசைக்குச் சேர்ந்தவர் யாராவது இருந்தால், அவர் எடை பார்க்க வேண்டாம், நடக்க மட்டும் வரட்டும். கர்ப்பிணிகளும் பால் கொடுப்பவர்களும் அப்படியே. எல்லாம் சரியாகச் செய்தும் எடை அசையாதவருக்கு ஒரு தைராய்டு பரிசோதனை பார்த்துவிடுவது நல்லது.

நின்றுபோன இருவரையும் பார்க்க நீங்களே போங்கள். போனில் வேண்டாம். கையில் அவர்களுடைய 200 ரூபாய் இருக்கட்டும், அது பேச்சைத் தொடங்க உதவும். எடை எவ்வளவு என்று கேட்காதீர்கள். உங்கள் 72.5-ஐச் சொல்லுங்கள், நோட்டில் என்ன எழுதினீர்கள் என்பதையும் சொல்லுங்கள். அவர்கள் திரும்பி வருவார்களா என்பது அதைக் கேட்டதும் அவர்கள் முகத்தைப் பார்த்தாலே உங்களுக்குத் தெரிந்துவிடும்.

வியாழக்கிழமை பரிசை எதிர்பார்த்து ஒருவர் நிச்சயம் வருவார். அவரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள். உண்மையாகவே உழைத்துக் குறைத்திருப்பார், ஏமாற்றமாகத்தான் இருக்கும். எப்படிச் செய்தார் என்று முதல் கூட்டத்தில் அவரையே சொல்லச் சொல்லுங்கள். பணத்தைப் பற்றி முணுமுணுத்தால் முணுமுணுக்கட்டும். அப்புறம் நோட்டை எடுத்து, எல்லோர் முன்னிலையிலும் அந்த 70.5-ஐ ஒரு கோடு போட்டு அடித்து, பக்கத்தில் 72.5 என்று எழுதி, கடன் கணக்கில் திருத்தம் செய்தால் போடுவது போலவே கையெழுத்துப் போடுங்கள். மயங்கி விழுந்தவரின் மாத்திரை அட்டையில் உள்ள பெயரை எனக்கு எழுதி அனுப்புங்கள்.